பகல் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி: பில்பாவோவின் வெர்மூத் வேளை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குப் பில்பாவோவில் ஒருவரை அவர் வீட்டில் போய்த் தேடுவதில் பயனில்லை. அந்நேரம் அவர் ஏதாவது ஒரு பாரின் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குவளை இருக்கும். அதில் செம்பழுப்பு நிறத்தில் வெர்மூத், இரண்டொரு பனிக்கட்டி, மெல்லிய ஆரஞ்சு வில்லை, ஓர் ஆலிவ். அவரைச் சுற்றி மனைவி, மைத்துனர், பள்ளிக்காலத்து நண்பர்கள், சில நேரம் கைத்தடியோடு அவருடைய வயதான தாயார் எனப் பலர் நிற்பார்கள். குழந்தைகள் அவர்களுக்கு நடுவே பந்தை உதைத்துக்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு அதே தெருவில் நடந்தால் பார்க்காரர் குவளைகளைக் கழுவும் ஓசைதான் கேட்கும். எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

வேலை நிமித்தமாக இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்டவன் நான். ஸ்பெயினின் வடக்கே, பிஸ்கே விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் பாஸ்க் நாட்டின் உணவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள்கூட பார்களில் கிடைக்கும் பிஞ்சோ என்னும் சிறு தின்பண்டங்களைப் பற்றியும் நட்சத்திர உணவகங்களைப் பற்றியுமே அதிகம் எழுதுகிறார்கள். எனக்கு இந்த மக்களைப் புரியவைத்தது அந்த ஒரு மணி நேரம்தான். இங்கே பகல் உணவு இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். ஞாயிறன்று மூன்றுகூட ஆகும். அதற்கு முன் பசியைக் கிளறிவிடுவதற்கென்று ஒரு கசப்பும் ஒரு புளிப்பும் ஓர் உப்பும் வேண்டும், அதைத் தனியாக இல்லாமல் தெருவில் நின்று நாலு பேரோடு பகிர வேண்டும் என்பது இவர்களுடைய ஏற்பாடு. குடிக்கும் அளவை வீட்டில் காத்திருக்கும் சாப்பாடு தீர்மானித்துவிடுகிறது என்பதே இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

வெர்மூத் அடிப்படையில் ஒயின்தான். அதில் மூலிகைகளையும் மசாலாப் பொருள்களையும் ஊறவைத்து, சிறிது வடிசாராயம் சேர்த்து, இனிப்பூட்டி எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் நான்கில் மூன்று பங்காவது ஒயின் இருக்க வேண்டும், ஆல்கஹால் 14.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 22 சதவீதத்தை எட்டாமலும் இருக்க வேண்டும்; ஆர்டெமிசியா பேரினத்துச் செடி ஒன்று கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கசப்புச் செடிதான் இதற்கு உயிர். நம் ஊர் கதம்பத்தில் தொடுக்கும் மரிக்கொழுந்தும் அதே பேரினத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது, முதல் மடக்கில் என்னை ஏன் அந்த மணம் அப்படிப் பிடித்து இழுத்தது என்பது விளங்கியது. கசப்புக்கு ஜென்ஷன் வேரையும் சிங்கோனா பட்டையையும் சேர்ப்பவர்கள் உண்டு. மணத்துக்கு ஆரஞ்சுத் தோல், இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி விதை ஆகியவை போகின்றன. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கலவையை வெளியே சொல்வதில்லை. சிவப்பு வெர்மூத்தைப் பார்த்துச் சிவப்பு ஒயினில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை வெள்ளை ஒயினில் செய்யப்படுபவை, நிறத்தைத் தருவது கருக்கிய சர்க்கரை.

இந்தப் பானம் பாஸ்க் மண்ணில் பிறந்ததில்லை. இன்று நாம் அறியும் வெர்மூத்தின் கதையை வழக்கமாக 1786இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் அந்தோனியோ பெனதெத்தோ கர்பானோவிடமிருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மத்தியதரைக் கடலோரமாக ஸ்பெயினுக்கு வந்து, கத்தலோனியாவின் ரெயூஸ் நகரத்தில் பெரும் தொழிலாக வேரூன்றியது. வடக்கே பாஸ்க் நாட்டுக்காரர்களுக்கு ஒயின் எப்போதுமே எட்டும் தூரத்தில் இருந்தது. எப்ரோ நதிப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிச் சென்று பில்பாவோவைத் துதேலாவுடன் இணைத்த ரயில்பாதை 1863இல் திறக்கப்பட்டது. ரியோஹா ஒயினின் தலைநகர் போன்ற ஆரோ அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அந்த ஆரோவில் மார்த்தினெஸ் லக்குவெஸ்தா என்ற ஒயின் நிறுவனம் 1937 முதல் வெர்மூத் செய்துவருகிறது. பில்பாவோவின் பழைய பார்களில் அந்தப் போத்தலை அடிக்கடி பார்க்கலாம். பாஸ்க் எல்லைக்குள்ளேயே, அலாவா மாகாணத்தின் அமுர்ரியோவில், 1831இல் தோன்றிய அச்சா வடிப்பாலையும் வெர்மூத் செய்கிறது.

எந்தப் போத்தலாக இருந்தாலும், அதை அப்படியே ஊற்றிக் கொடுத்தால் பில்பாவோக்காரருக்குத் திருப்தி வராது. அவர் கேட்பது 'தயார் செய்த' வெர்மூத். அதன் சின்ன அளவுக்கு மரியானிதோ என்று பெயர். பில்பாவோவும் அலாவாவின் தலைநகரான விட்டோரியாவும் அது எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகின்றன. அந்த வழக்கில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் அதைச் செய்யும் விதத்தை மேடைக்கு இந்தப் பக்கம் நின்று நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். நான் வழக்கமாகப் போகும் பாரில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள்தான் கலக்குவார். கனமான கலவைக் குவளையில் பனிக்கட்டியைப் போட்டு, நீண்ட கரண்டியால் சுற்றிச் சுற்றிக் குவளையைக் குளிரவைத்து, ஊறிய தண்ணீரை முதலில் கொட்டிவிடுவார். பிறகு சிவப்பு வெர்மூத் தாராளமாக, அதன் மேல் ஜின் ஒரு சொட்டு அதிகமில்லாமல், காம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது அதைவிடக் கொஞ்சம் குறைவாக, அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாரம் இரண்டு துளி. கரண்டியைப் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றமாட்டார். சிறிய குவளைகளில் ஊற்றி, ஆரஞ்சு வில்லையைப் பிழியாமல் விளிம்பில் செருகி, பல்குச்சியில் கோத்த ஆலிவை உள்ளே சாய்த்து வைப்பார். ஜின் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "இனிப்பு நாக்கில் உட்கார்ந்துவிடக் கூடாது, அதை எழுப்பி நடக்கவிட வேண்டும்" என்றார். நான் படித்த எந்தக் காக்டெய்ல் குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இனிப்பு வகை வெர்மூத்தில் லிட்டருக்கு 130 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டபோது அவருடைய கணக்கு எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

குவளையோடு கூட வரும் தின்பண்டத்தில் முதலிடம் ஹில்டாவுக்கு. ஒரு பல்குச்சியில் ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, வினிகரில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய்கள், மீண்டும் ஓர் ஆலிவ், அவ்வளவுதான். 1940களில் டோனோஸ்தியாவின் (சான் செபாஸ்தியான் நகரத்தின்) காசா வாயேஸ் என்ற பாரில் இது உருவானது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. அந்தக் காலத்தில் ரீட்டா ஹேவர்த் நடித்து 1946இல் வெளிவந்த 'கில்டா' (ஸ்பானிய உச்சரிப்பில் 'ஹில்டா') படத்தின் நாயகியைப் போலவே இதுவும் பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்று சொல்லிப் பெயர் வைத்தார்களாம்; ஸ்பானிய மொழியில் 'பச்சை' என்பதற்குக் கொஞ்சம் துடுக்கான என்றும் பொருள் உண்டு. பாஸ்க் நாட்டின் முதல் பிஞ்சோ இதுதான் என்று சொல்பவர்கள் பலர். அதைப் பகுதி பகுதியாகக் கடித்துத் தின்னக் கூடாது. குச்சியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே வாயில் இழுத்துக்கொள்ள வேண்டும். நெத்திலியின் உப்பு முதலில் தாக்கும், பின்னால் வினிகரின் புளிப்பு எழும், ஆலிவின் எண்ணெய்ப்பசை அதை ஆற்றும். அதற்குள் வாயில் ஊறிவிடும் எச்சிலுக்கு ஒரு மடக்கு வெர்மூத் போதும், பசி வந்துவிடும்.

நெத்திலியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிஸ்கே விரிகுடாவில் வசந்த காலத்தில் கூட்டமாக வரும் இந்த மீனை உப்பிலிட்டு முதிர வைக்கும் முறையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் சிசிலித் தீவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த உப்புக்காரர்கள். மீனைத் தேடி வந்தவர்களில் பலர் இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். பெர்மேயோ, ஒண்டாரோவா, கெதாரியா போன்ற துறைமுக ஊர்களில் அவர்கள் தொடங்கிவைத்த தொழில் இன்றும் நடக்கிறது. தலையையும் குடலையும் நீக்கிய மீனை வரிசை வரிசையாக உப்போடு அடுக்கி, மேலே பாரம் வைத்து, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சதை செந்நிறமான பிறகு ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துத் தோலைத் துணியால் தேய்த்து அகற்றி, நடுமுள்ளை உரித்து, இரு பாதியாக்கி எண்ணெயில் இடுகிறார்கள். பெர்மேயோவில் ஒரு பட்டறையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து இதைச் செய்வதைப் பார்த்தேன். ஒரு மீனுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் மிகக் குறைவு. ஒரு முள்கூட சதையில் மிஞ்சவில்லை.

அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் மீன்குஞ்சுகள் பெருகாததாலும் இந்த விரிகுடாவில் நெத்திலி பிடிப்பது 2005 முதல் 2010 வரை பெரும்பகுதி நேரம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மீனவர்கள் பெரும் இழப்பைத் தாங்கிக்கொண்ட காலம் அது. தடை நீங்கிய பிறகு மீன்வளம் மீண்டது. பார் மேடையில் வரிசையாக நிற்கும் ஹில்டாக்களைப் பார்க்கும்போது இந்த வரலாறு எனக்கு நினைவுக்கு வரும். அந்தச் சிறிய குச்சியில் அந்தளவு உழைப்பும் பொறுமையும் இருக்கின்றன. மிளகாய்க்கும் ஊர் உண்டு. தொலோசாவை ஒட்டிய இபார்ரா என்ற சிற்றூரில் விளையும் அந்த மெல்லிய பச்சை மிளகாயை இங்கே 'இபார்ராவின் இறால்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். கோடையில் இளசாகப் பறித்து வெள்ளை ஒயின் வினிகரில் போடுகிறார்கள். நம் நாக்குக்கு அதில் காரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பில்பாவோவில் ஞாயிறு வெர்மூத்துக்கு இன்னொரு துணை ராபாஸ், அதாவது கணவாயை வளையமாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தது. ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். எலுமிச்சை பிழிய வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஒவ்வொரு தட்டோடும் வரும்.

தின்பதும் குடிப்பதும் ஒரு பக்கம் இருக்க, இந்த வேளையை இயக்குவது குவாத்ரியா என்னும் நண்பர் குழு. பெரும்பாலும் பள்ளியிலோ தெருவிலோ ஒன்றாக வளர்ந்தவர்கள் அவர்கள். திருமணம், வேலை, குழந்தை என்று வாழ்க்கை எந்தப் பக்கம் போனாலும் ஞாயிறு பகலில் கூடிவிடுவார்கள். பாஸ்க் மக்கள் வெளியாரை எளிதில் வீட்டுக்கு அழைப்பதில்லை. வந்த புதிதில் அது எனக்கு வருத்தமாக இருந்தது. விருந்தோம்பல் தெருவில் நடக்கிறது என்பது நாளடைவில் புரிந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் "ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு வா" என்று பாரின் பெயரைச் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு. அவருடைய மனைவி, அக்கா, மாமனார் எல்லோரையும் நான் அறிந்துகொண்டது அந்த வாசலில்தான். அவர்கள் வீட்டின் உட்புறத்தை நெடுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

பணம் கொடுக்கும் முறையும் எனக்குப் பிடிக்கும். சேர்ந்ததும் ஆளுக்கு ஒரு தொகையைப் போட்டுப் பொதுப்பணம் சேர்க்கிறார்கள். அதை ஒருவர் வைத்துக்கொள்வார், எல்லாப் பார்களிலும் அவரே கொடுப்பார். யார் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கு வருவதில்லை. ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதும் இல்லை: ஒரு பாரில் ஒரு குவளை, ஒரு பிஞ்சோ, பிறகு அடுத்த வாசல். நடந்துகொண்டே இருப்பதால் எதிரே வரும் குழுக்களோடு பேச்சு தொடர்கிறது, குடிப்பது தானாகவே மெதுவாகிறது.

இதைப் பார்க்கத் தகுந்த இடம் பழைய நகரத்தின் நடுவில் இருக்கும் புதிய சதுக்கம். 1849இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சதுக்கத்தின் நான்கு பக்கங்களிலும் வளைவுத் தாழ்வாரங்கள் ஓடுகின்றன; பாஸ்க் மொழிக் கழகத்தின் தலைமையகமும் அங்கேதான். ஞாயிறு காலையில் தாழ்வாரங்களில் பழைய புத்தகம், நாணயம், தபால்தலை விற்கும் கடைகள் விரியும். சிறுவர்கள் கால்பந்து வீரர்களின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாததுக்கு இருப்பதை மாற்றிக்கொள்வார்கள். பெற்றோர் அந்த வேலையை மேற்பார்வை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வெர்மூத்தோடு தூணில் சாய்ந்து நிற்பார்கள். மழை இந்த ஊரின் நிரந்தர விருந்தாளி. தாழ்வாரம் இருப்பதால் மழை நாளிலும் கூட்டம் குறைவதில்லை. பழைய நகரத்தில் பெலோத்தா தெருவில் தரையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று நிமிர்ந்தால், நெருக்கமான வீடுகளுக்கு இடையே குன்றின் மேல் பெகோனியா மாதா கோயில் தெரியும். சிறு குவளை ஒயினோடு பார் பாராகச் சுற்றும் பழைய தலைமுறை ஆட்கள் அங்கே நின்று மாதாவுக்குப் பாடிவிட்டுப் போவது வழக்கம். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வெர்மூத்துக்கு வந்த காலத்தின் தொடர்ச்சியாகவே அதை நான் பார்க்கிறேன்.

ஞாயிறுக்கு இருந்த மதிப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நெர்வியோன் ஆற்றங்கரை முழுவதும் இரும்புச் சுரங்கமும் உலையும் கப்பல்கட்டும் தளமுமாக இருந்த ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஸ்பெயினில் சட்டமானது 1904இல்தான். 1902இல் தொடங்கிய 'விஸ்காயா உயர் உலைகள்' என்ற இரும்பு எஃகு ஆலையின் உலைகள் 1996 வரை எரிந்தன. வாரம் முழுவதும் கரியிலும் நெருப்பிலும் நின்றவர்கள் சுத்தமான சட்டை அணிந்து குடும்பத்தோடு தெருவில் நிற்கும் ஒரே பகல் அது. இன்றும் ஞாயிறு வெர்மூத்துக்கு வரும் முதியவர்கள் மற்ற நாள்களைவிட நன்றாக உடுத்தியிருப்பதைக் கவனிக்கலாம்.

குடிக்காதவர்களுக்கு இதில் என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு எல்லாப் பாரிலும் கிடைக்கும். அதையும் அதே மாதிரிக் குவளையில், அதே பனிக்கட்டி, அதே ஆரஞ்சு வில்லை, அதே ஆலிவோடு கொடுப்பார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விலையும் பெரிதாக மாறுவதில்லை. நானும் முதலில் நெடுங்காலம் மோஸ்தோவோடுதான் நின்றேன். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கர்ப்பிணிகள், வண்டி ஓட்டிவந்தவர்கள், மருந்து சாப்பிடும் தாத்தாக்கள் ஆகிய எல்லோரும் ஒரே வட்டத்தில் நிற்க முடிவதால்தான் இந்த வழக்கத்தைக் குடும்பத்துக்கு உரியது என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது.

டோனோஸ்தியாவின் பழைய பகுதியில் இந்த வேளை இப்போது சுற்றுலாப் பயணிகளின் நெரிசலில் நசுங்குகிறது. உள்ளூர்க்காரர்கள் ஆற்றுக்கு மறுகரையில் கிரோஸ் பகுதிக்கு நகர்ந்துவிட்டார்கள். விட்டோரியாவில் தாத்தோ தெருவில் அமைதியாக நடக்கிறது. மரியானிதோவுக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் நான் விட்டோரியாவையே சொல்வேன்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பகல் உணவைத் தாண்டிக் குதித்து மாலை வரை நீளும் வெர்மூத்தை இங்கே 'தொரேரோ வெர்மூத்' என்பார்கள். காளைப் போர் வீரர் தடுப்பைத் தாண்டுவது போல இவர்கள் சாப்பாட்டைத் தாண்டுகிறார்கள். முன்பு அது ஆண்டில் சில திருவிழா நாள்களுக்கு உரியதாக இருந்தது. இப்போது சனிக்கிழமை தோறும் இளைஞர்கள் அப்படியே மாலைக் கொண்டாட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். என் அலுவலகத் தோழர்களோடு இதைப் பற்றி உரக்கவே வாதாடியிருக்கிறேன். சாப்பாடு போய்விட்டால் நிறுத்துவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போகிறது. பசியைத் தூண்டச் செய்த பானம் பசியை மறக்கடிக்கும் பானமாகிவிடுகிறது. தயாராக நிற்கும் மேசையும், காத்திருக்கும் பாட்டியும், ஆறிக்கொண்டிருக்கும் சூப்பும்தான் இதுவரை அந்தக் குவளையின் அளவைக் காத்தன.

எங்கள் குழு ஒரு வழி செய்துகொண்டது. வெர்மூத்துக்குக் கிளம்பும் முன்பே மூன்று மணிக்கு எங்காவது மேசை பதிவு செய்துவிடுகிறோம், அல்லது யாராவது ஒருவர் தாம் உறுப்பினராக உள்ள, கூடிச் சமைத்துச் சாப்பிடுவதற்கான சமையல் சங்கத்தின் அடுப்படியைக் கேட்டு வாங்கிவிடுகிறார். இரண்டே முக்காலுக்குப் பொதுப்பணம் வைத்திருப்பவர் கணக்கை முடித்துவிடுவார். அதற்கு மேல் யார் கேட்டாலும் சுற்று கிடையாது. அன்று தொலோசாவின் கருப்பு அவரை என்றால் நான் இரண்டாவது குவளையைத் தொடுவதே இல்லை. முட்டைக்கோஸ், இரத்தத் தொத்திறைச்சி, பன்றி விலா ஆகியவற்றோடு வரும் அந்த அவரைக்கு முழுப் பசி வேண்டும், பக்கத்தில் இபார்ரா மிளகாய் ஒரு தட்டும் வேண்டும்.